ஐந்து பேர் போன படகு

சுவர் ஓவிய வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். "அக்கா, புள்ளி ஓவியம் எப்படிப் போடுறதுன்னு சொல்லிக் குடுங்க" என்று கேட்டீர்கள். நான் ஏதேதோ பேசி, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். கொண்டுவந்த பலகாரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன் என்று ஒரு பெண்ணுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். நியாயமான வருத்தம்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

ஆனால் எந்த பிரஷ், எந்த பெயிண்ட், எத்தனை அடி தள்ளி நிற்பவருக்கு எவ்வளவு பெரிய புள்ளி என்பதை எல்லாம் இதில் தேடாதீர்கள். அது உங்கள் போனிலேயே இருக்கிறது, என்னைவிட நன்றாகவே சொல்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஏணியில் நின்றவள் நான். அத்தனை வருடத்தில் செய்த தப்புகளில் எனக்கு மறக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தத் தப்பைப் படம் வரையத் தெரிந்த யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை புதுக் கட்டடம் கட்டியிருந்தது. நோயாளிகளோடு வருபவர்கள் காத்திருக்க ஒரு பெரிய கூடம், அதில் நாற்பது அடி நீளத்துக்கு வெறும் சுவர். மருத்துவமனையை நடத்தும் டாக்டர் வெளிநாட்டில் எங்கேயோ முழுக்க முழுக்கப் புள்ளிகளாலேயே வரைந்த ஓவியம் ஒன்றைப் பார்த்து மயங்கி வந்திருந்தார்.

"நம்ம கடலோர கிராமத்து வாழ்க்கைய அப்படிப் போட முடியுமா மேடம்? இங்க வர்றவங்க பாதிப் பேரு கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கந்தான். வந்து ஒக்காந்தா சொந்த ஊர்ல ஒக்காந்த மாதிரி இருக்கணும்" என்றார்.

முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். நான் நெல்லிக்குப்பத்துக்காரி. அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு, ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வறுத்த மீன் தின்றதோடு சரி. என்னோடு வேலை செய்தவர்களில் மூத்தவர் கலியமூர்த்தி. அவர் திட்டக்குடிக்காரர், கடலைவிட ஏரியை நம்புகிறவர். மற்ற இரண்டு பேர் கம்மாபுரம் பக்கம். நான்கு பேரும் சேர்ந்தாலும் ஒரு நண்டைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் வரையத் தெரியும் என்ற திமிர் நால்வருக்கும் இருந்தது.

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துக்கு இரண்டு நாள் காலையில் போனேன். போட்டோ எடுத்தேன், நோட்டில் கிறுக்கிக்கொண்டேன், திரும்பி வந்து படத்தை அமைத்தேன். சுவரின் இடது ஓரத்தில் விடியற்காலை, கடலுக்குள் போகிற ஒரு படகு, அதில் ஐந்து பேர். நடுவில் ஊர். வலை உலர்கிறது, ஆடு மேய்கிறது, டீக்கடையில் புகை, சவுக்குத் தோப்பு ஓரமாகச் சைக்கிளில் போகிற ஒருவர். வலது ஓரத்தில் பதினைந்து அடிக்கு வெறும் கடல், கரையில் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் பெண்கள். காலடியில் அவர்களுடைய அன்னக்கூடைகள். புடவைகள் ஒரே பக்கமாகப் பறக்கின்றன.

அந்தப் பெண்கள் வரிசைதான் என் செல்லப்பிள்ளை. நான் பார்த்த குப்பத்தில் யாரும் அப்படி வரிசையாக நிற்கவில்லை. இங்கே இரண்டு பேர், அங்கே மூன்று பேர் என்று உட்கார்ந்து சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு அது எடுப்பாக இருக்காது என்று எல்லோரையும் நான்தான் எழுப்பி நிற்க வைத்தேன்.

கிட்டத்தட்ட இரண்டு மாத வேலை. கிட்டே நின்று பார்த்தால் சுவருக்கு அம்மை போட்டது போல இருக்கும். நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்தில் ஊதா. இருபது அடி தள்ளிப் போய்த் திரும்பினால் கடல் வந்துவிடும். டாக்டர் தினமும் காலையில் எதிர்ச்சுவர் வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தப் பெண்கள் வரிசையைப் போட்டோ எடுத்துத் திறப்பு விழா அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை விழா.

பழைய கட்டடத்தில் இடம் போதாமல், விழாவுக்கு முன்பே இங்கே ஆபரேஷன்களைத் தொடங்கி, நோயாளிகளின் வீட்டாரை அந்தக் கூடத்தில் உட்கார விட்டிருந்தார்கள். ஓவியத்துக்கு எதிரே நல்ல ஸ்டீல் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஃபேன் காற்றும் அங்கேதான். ஆனால் சில பெண்கள் மட்டும் அந்த நாற்காலிகளை விட்டுவிட்டு, ஓவியம் இருக்கும் சுவரிலேயே முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஏணி வைக்கிற இடம் அது. ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் நகருங்கம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. நகருவார்கள், நாங்கள் ஏணியை எடுத்ததும் மறுபடி வந்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து வரைந்ததை ஒருமுறை நிமிர்ந்து பார்க்காமல் முதுகைக் காட்டுகிறார்களே என்ற கோபமும் அதில் இருந்தது. சும்மா பெயிண்டை மட்டும் காரணம் சொன்னேன்.

"ஏம்மா, அவ்வளவு சேர் காலியா கெடக்குது. அங்க போய் ஒக்காருங்களேன். பெயிண்ட் மேல சிந்தப்போவுது."

நடுவில் இருந்த ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வயதுதான் இருக்கும். மீன் விற்கிறவர் என்று தலையில் சும்மாடு வைத்துத் தேய்ந்த வகிட்டிலேயே தெரிந்தது. அவருடைய வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். வலை இழுத்து இழுத்து வந்த குடலிறக்கத்தை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, இப்போது முற்றிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன்.

"சிந்துனா சிந்திட்டுப் போவட்டும் மேடம். அந்தப் பக்கம் ஒக்காந்தா இதத்தான பாக்கணும்" என்றார்.

"பாக்கத்தாம்மா வரைஞ்சிருக்கோம். நல்லா இல்லையா?"

"நல்லா இல்லன்னு யாரு சொன்னது. அச்சு அசலா இருக்குது. அதான் பாக்க முடியல."

எனக்குப் புரியவில்லை. நான் ஏணியை விட்டு இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து திரும்பி, படத்தை விரலால் காட்டாமல் முகவாயால் காட்டினார்.

"அந்தக் கோடியில அஞ்சு பேரு தொழிலுக்குப் போறாங்களா. இந்தக் கோடியில பொம்பளைங்க நிக்கிறாங்க. அவுங்க பாக்குற கடல்ல ஒண்ணுமே இல்ல. நாங்க எங்க ஊர்ல சும்மா நின்னுக்கிட்டு கடலப் பாக்க மாட்டோம் மேடம். எங்களுக்கு ஆயிரம் வேல கெடக்குது. ஒக்காந்து பேசுவோம், சண்ட போடுவோம், போட்டு இன்ஜின் சத்தம் கேட்டா எழுந்திரிப்போம். எல்லாரும் ஒண்ணா எழுந்து நின்னு, கூடையக் கீழ வச்சிட்டு, ஒருத்தர்கூட பேசாம கடலப் பாத்தாங்கன்னா…"

பக்கத்தில் இருந்த இன்னொரு பெண், "போட்டு வரலன்னு அர்த்தம்" என்று மெதுவாக முடித்து வைத்தார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், ஆள் நல்லபடி வருவாரா மாட்டாரா என்று காத்திருக்கிறவர்கள் உட்காரும் இடம் அது. அங்கே, திரும்பி வராத படகுக்காக நிற்கும் ஒரு ஊரை நாற்பது அடிக்கு வரைந்து வைத்திருக்கிறேன். அந்த அறையில் அதைப் பார்க்காமல் உட்கார ஒரே ஒரு இடம்தான் இருந்தது, சுவருக்கு அடியில். அதைக் கண்டுபிடித்து உட்கார்ந்தவர்களைத்தான் நான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இடது கோடியில் இருந்த படகில் ஆட்களுக்குத் தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான் வைத்திருந்தேன். கலியமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அது படகா, பாரம் ஏத்துன கரும்பு வண்டியா?" என்று கேலி செய்திருந்தார். இந்தப் பெண்ணோ சுவரின் வலது கோடியில் இருந்தே அதில் ஐந்து பேர் என்று எண்ணியிருக்கிறார். தினமும் தொடுவானத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து, அது யார் படகு, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் அவர்கள். புள்ளி ஓவியத்தைப் படிக்க அவர்களைவிடத் தேர்ந்த கண் எங்கே கிடைக்கும்?

என் கோபம் என்மேலேயே திரும்பியது. முன்பு நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு யாரோ ஒரு ஓவியர் கரும்பு வண்டி வரைந்திருந்தார். முழுப் பாரம் ஏற்றிய வண்டி, மாடுகளோ ஊர்வலத்தில் போவது போலத் தலையை நிமிர்த்தி ஒய்யாரமாக நடக்கும். பாரம் இழுக்கிற மாடு எங்கே தலை நிமிரும் என்று எங்கள் தெருவே ஒரு வாரம் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நான்தான்.

அன்று மதியம் டாக்டரிடம் போனேன். போவதற்கு முன் கலியமூர்த்தி தடுத்தார். "வெள்ளிக்கிழம விழா அக்கா. அவருக்குப் புடிச்சிருக்குது, பாக்குறவங்க எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுறாங்க. நீங்களே போயி தப்புன்னு சொல்லணுமா? யாருக்குத் தெரியப்போவுது?" அவர் கேட்டது தப்பில்லை. எனக்கும் அந்த ஆசை ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. ஆனால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்துவிட்டதே. தெரிகிறவர்கள் சுவருக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அந்த வெறும் கடல்தான் மேடம் புடிச்சதே. எவ்ளோ அமைதியா இருக்குது. கார்டும் அடிச்சாச்சு. ஒருத்தங்க ஏதோ பயத்துல சொல்றத வச்சி…"

"ஒருத்தங்க இல்ல டாக்டர். நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வந்து படத்தப் பாக்காதீங்க, ஒக்காந்திருக்கிறவங்கள பாருங்க" என்றேன்.

வந்தார். இரண்டு மாதமாக அவரும் என்னைப் போலவே சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். அன்று முதல்முறையாகக் கூடத்தைப் பார்த்தார். முன் வரிசை நாற்காலிகளில் டவுன் ஆட்கள் சிலர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் தரையில் பதினோரு பெண்கள்.

"இது என் தப்பு டாக்டர். பாத்தத வரையாம எனக்குப் புடிச்ச மாதிரி நிக்க வச்சிட்டேன்" என்றேன்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷனுக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

முடியும் என்று சொன்னேனே தவிர, எப்படி என்று தெரியாது. பெண்களை உட்கார வைக்க வேண்டும் என்றால் சுவரில் பதினைந்து அடியைச் சுரண்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு இரண்டு வாரம் வேண்டும். புள்ளி ஓவியத்தில் வைத்ததை எடுக்க முடியாது. மேலே வைக்கத்தான் முடியும். இரவு முழுக்க மனசுக்குள் உருட்டிவிட்டு, புதன்கிழமை காலையில் அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டேன். அவருடைய வீட்டுக்காரரை அப்போதுதான் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அந்த நேரத்தில் கேட்பது சரிதானா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"இந்தப் பொம்பளைங்கள ஒக்கார வைக்க முடியாதும்மா. நின்னது நின்னதுதான். இவுங்க எதுக்கு நிக்கலாம்னு சொல்லுங்க, அத வரைஞ்சிடுறேன்."

அவர் யோசிக்கவே இல்லை. "போட்டு கிட்ட வந்துட்டா நிப்போம். கரை புடிக்கிற நேரத்துல எவளும் ஒக்காந்திருக்க மாட்டா."

அவ்வளவுதான். ஒரே ஒரு படகு. பெண்கள் பார்க்கிற திசையில், அலை உடைகிற இடத்துக்குச் சற்று அப்பால். நான்கு பேரும் ஏணி ஏறினோம். அந்தப் பெண் அன்று முதல்முறையாகச் சுவரோரத்தை விட்டு எழுந்து, கூடத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார். கூடத்தை ஒட்டியிருந்த ஆபரேஷன் அறைக் கதவை ஒரு பார்வை, எங்கள் படகை ஒரு பார்வை.

"ஜாஸ்தி மெதக்குது மேடம். மெதந்து வந்தா மீனு இல்லன்னு அர்த்தம். இன்னும் நாலு வெரல் முழுவட்டும்" என்றார். முழுக வைத்தோம். "இப்ப பாரம் ஏறிடுச்சி" என்றார் கலியமூர்த்தி, டாக்டர் பாராட்டியபோதுகூட இல்லாத சந்தோஷத்தோடு. கரையில் இரண்டு பெண்களின் காலடிக் கூடையை மணல் நிறப் புள்ளிகளால் மூடிவிட்டு, இடுப்பில் கூடை வைத்தோம். மத்தியானத்துக்கு மேல் நான் கீழே இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். எனக்கு நிறைவாக இருந்தது. வெறும் கடல் போனதில் ஒரு வருத்தமும் இல்லை.

அவர் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலு பேருதான் இருக்காங்க" என்றார்.

நான்கு பேரைத்தான் வைத்திருந்தேன். ஐந்தாவதை வைத்தால் படகு நெரிசலாகிவிடும் என்று நானே எடுத்த முடிவு. கலியமூர்த்தி எனக்காகச் சமாளித்தார். "அஞ்சாவது ஆளு குனிஞ்சி வலையச் சரிபண்றாருன்னு வச்சிக்குங்கம்மா."

"குனிஞ்சிருந்தா கரையில நிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

அவர் குரல் உயரவில்லை. ஆனால் கண் அப்போது படத்தில் இல்லை, ஆபரேஷன் அறைக் கதவில் இருந்தது. நான் ஏணி ஏறினேன். படகின் முன்பக்கத்தில், கரைக்கு நன்றாகத் தெரிய நிற்கிற மாதிரி, தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு இரண்டு புள்ளி வைத்தேன். இறங்கித் திரும்பியபோது அவர் அங்கே இல்லை. நர்ஸ் கூப்பிட்டு உள்ளே போயிருந்தார்.

வியாழக்கிழமை அவர் கூடத்துக்கு வரவில்லை. நர்ஸிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை கவுண்டர் வரை போய்த் திரும்பினேன். பெயரே தெரியாமல் யாரை என்று விசாரிப்பது? உண்மையில் அது சாக்கு. குடலிறக்கக்காரர், மீனவர் என்று சொன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன பதில் வருமோ என்ற பயம்தான் எனக்கு. இரண்டு நாள் என் வேலைக்கு வாத்தியாராக இருந்தவரின் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. அதையும் தப்புகளின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சுவரை அளக்கும் முன், அந்தச் சுவருக்கு எதிரே யார் உட்காரப்போகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் வாழ்க்கையை வரைந்தால், பெயிண்ட் காய்வதற்குள் அவர்களில் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்துங்கள். பாராட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்டுச் சந்தோஷப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யார் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். கோபப்படுவதற்கு முன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை விழா நன்றாக நடந்தது. பேசினார்கள், மாலை போட்டார்கள், எனக்கும் ஒரு சால்வை வந்தது. அழைப்பிதழில் இல்லாத படகு சுவரில் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்து நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்தது. சக்கர நாற்காலியில் மெலிந்த, கறுத்த ஒரு மனிதர். பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது அந்தப் பெண்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சால்வையால்தான் துடைத்துக்கொண்டேன், வேறு துணி கையில் இல்லை.

"இதான் அந்த மேடம்" என்று என்னைக் காட்டினார். பிறகு வண்டியைச் சுவருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, பக்கத்து ஸ்டீல் நாற்காலியில் தானும் உட்கார்ந்தார். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மனிதர் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை நீட்டி இடது கோடியில் எண்ணினார். அப்புறம் வலது கோடியில் எண்ணினார்.

"அஞ்சு பேரும் வந்துட்டானுங்க" என்றார். கொஞ்சம் விட்டு, "ஆனா மேடம், முன்னால இருக்கிறவன் இன்னாத்துக்கு நிக்கிறான்? அலையத் தாண்டும்போது எவனாவது நிப்பானா? கவுந்துடுவான். ஒக்காரச் சொல்லுங்க."

"தையல் பிரியப்போவுது, சும்மா இரு" என்றார் அவர் மனைவி, சிரித்துக்கொண்டே.

முன்னால் நின்றவன் நான் கடைசியாக வைத்த ஐந்தாவது ஆள்தான். கட்டிய சாமான்களைப் பிரித்தேன். கலியமூர்த்தி ஏணியை எடுத்துவந்து, பழக்கதோஷத்தில் "கொஞ்சம் நகருங்கம்மா" என்றார். நகர யாரும் இல்லை. சுவரோரம் முழுக்கக் காலியாக இருந்தது.